துணைக் கிளைத் தலைவரின் வலது கை

கமெதானி இரண்டாவது கியரைத்தான் போட்டார். வண்டி அதைப் பின் கியர் என்று எடுத்துக்கொண்டது. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்குக் கொஞ்சம் காது மந்தமாக இருக்கலாம் என்று பிற்பாடு அவர் சொல்லிப் பார்த்தார், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நடந்தது என்னவென்றால், பின்னால் வந்த வெள்ளை வேன் ஓரமாகத் தள்ளி நின்று பொறுமையாகக் காத்திருந்ததற்கு நன்றி சொல்ல, கண்ணாடியைப் பார்த்துத் தலைவணங்கிக்கொண்டே அவர் கிளட்சை விட்டார். குனிந்த தலை நிமிர்வதற்குள் வண்டி பின்பக்கமாகத் துள்ளி, சிறு வாகனப் பரிசோதனை மன்றத்தின் மினோசே கிளை வாசலில் எட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டு நின்ற கென்மருவை இடித்தது.

கென்மரு ஆளுயர ஃபைபர் பொம்மை. மன்றத்தின் செல்லச் சின்னம். தலை ஒரு பெரிய நட்டு, உடம்பு ஒரு குட்டிக் கார், ஒரு விளக்குக் கண் திறந்திருக்கும், இன்னொன்று சிமிட்டும். உயர்த்திய வலது கை வருகிறவர்களை வாருங்கள் என்கிறதா, நில்லுங்கள் என்கிறதா என்று எட்டு வருடத்தில் யாருக்கும் தெளிவாகவில்லை. அந்தக் கை இப்போது தோளோடு கழன்று, படியில் இரண்டு முறை குதித்து, குடை வைக்கிற தொட்டிக்குள் போய் ஒழுங்காக நின்றுகொண்டது.

வண்டிக்குக் கீறல்கூட இல்லை.

வேறொருவராக இருந்தால் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் விலை கேட்டிருப்பார். கமெதானி நாற்பது வருடமாக முடிதிருத்துகிறவர். கத்தி லேசாகத் தோலில் பட்டுவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் வாய்க்குத் தெரியும். வண்டியிலிருந்து இறங்கினார், தொப்பியைக் கழற்றினார், பொம்மையின் முன்னால் இடுப்பு வரை குனிந்தார்.

"மன்னிச்சுக்கணும். ரொம்ப வலிக்கலியே?"

அதைக் கவுன்ட்டர் எழுத்தர் நெமொத்தோ கேட்டுவிட்டார். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தவர், கையில் குறிப்பேட்டோடு வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், தலைமுடியை நடுவகிடு எடுத்து, சட்டப்படி வாரியிருந்தார்.

"வாடிக்கையாளர் ஐயா, இப்ப நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கலாமா?"

"எதை?"

"வலிக்கலியேன்னு விசாரிச்சீங்களே, அதை."

"பழக்க தோஷத்துல வந்துடுச்சு தம்பி. பொம்மைக்கு எங்க வலிக்கப் போகுது."

நெமொத்தோ வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். எழுதியதைத் திருப்பிக் காட்டினார். சம்பவம் நடந்த நேரம் ஒன்பது பன்னிரண்டு. பாதிக்கப்பட்டவர் துணைக் கிளைத் தலைவர் கென்மரு. இடித்தவர் பாதிக்கப்பட்டவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டு, உடல்நிலை விசாரித்தார்.

"பொருளா இருந்தா சேதம்னு ஒரே தாள்ல முடிஞ்சிருக்கும் ஐயா. பொருள்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கறதில்ல. நீங்க ஆளாத்தான் நடத்தியிருக்கீங்க. அதனால இது காயம்."

கமெதானி அந்த வண்டியை வாங்கியது வாலிபம் திரும்பியதால் அல்ல. ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். காரணம் அவர் மனைவி கினுயோவின் இடது முழங்கால்.

கல்யாணமான மூன்றாம் வருடம் புருஷனோடு பேசாமல் இருந்த ஒரு வசந்தத்தில், கினுயோ மலைச்சரிவில் முப்பத்தொரு யுசு எலுமிச்சைக் கன்று நட்டாள். ஒவ்வொரு குழியும் கமெதானியை நினைத்துக்கொண்டு வெட்டியது என்பாள். அதனால்தான் அவ்வளவு ஆழம். சண்டை ஜூனில் முடிந்தது, மரங்கள் நின்றுவிட்டன. வருடா வருடம் நவம்பரில் இலை நடுவே மஞ்சள் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தால் அவளை வீட்டில் பார்க்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் முழங்கால் ஏறமாட்டேன் என்றது. அன்றிலிருந்து அவள் மாடி ஜன்னலில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு, தன் மரங்களில் குரங்குகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனியாகப் போய்ப் பறித்து வந்த கமெதானியை இரண்டு தடவை திட்டியாகிவிட்டது. கிளையோடு பிய்த்தாராம். எந்த மரம் எது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டாராம்.

மேலே போகிற பாதை, பாறைக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கல்சுவருக்கும் நடுவில் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். ஊரில் ஆளுக்கொன்று வைத்திருக்கும் குட்டி லாரிகூட நுழையாது. இப்போது வருகிற மலைவண்டிகள் எல்லாம் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவை. நுழையக்கூடியது ஷோவா நாற்பத்தாறாம் வருடத்து, அதாவது 1971-ஆம் வருடத்து ஜீப் ஒன்றுதான்: இரண்டு சிலிண்டர், கான்வாஸ் கூரை, ஜிப் போட்டு மூடுகிற கதவு, ஒரு மீட்டர் முப்பதுக்கும் கொஞ்சம் குறைவான அகலம். வனத்துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் அதைக் கோழிகளுக்குக் கொடுத்து வைத்திருந்தார். கமெதானி அளவு நாடாவோடு போய்க் கோழிகளை எழுப்பிவிட்டு வாங்கினார்.

"ஏங்க, இது முழு வண்டியா, இல்ல மீதி பின்னால வருதா?" என்றுதான் கினுயோ முதலில் கேட்டாள். பிறகு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தாள். ஜன்னலைத் திறக்கச் சொல்லலாம் என்று தேடி, ஜன்னலே இல்லை என்று கண்டு, "நல்லது, மலையைச் சரியாப் பாக்கலாம்" என்றாள்.

அவகாசம் நவம்பர் முடிய. டிசம்பர் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குப் பாதையை மூடி மலைச்சரிவுக்குச் சிமென்ட் பூசப்போகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த முழங்கால் ஜீப்பில்கூட ஏறுமா என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆகவே பரிசோதனை. நகராட்சியில் மூன்று நாள் தற்காலிக எண்பலகை கடன் வாங்கிக்கொண்டு, நவம்பர் நாலாம் தேதி காலை கமெதானி மன்றத்துக்கு வந்தார். வந்ததும் கென்மருவை இடித்தார். அது இருக்கட்டும், பரிசோதனை தனி, காயம் தனி என்று நெமொத்தோ பெருந்தன்மையாகச் சொன்னதால் வண்டியைப் பரிசோதனைப் பாதைக்குள் விட்டார்.

அங்கே தலைக்கு மேல் ஒரு மின்பலகை கட்டளை போடும். மிதிக்கவும். விடவும். மறுபடி மிதிக்கவும். தேறியதற்கான வட்டக் குறி ஒவ்வொன்று விழும்போதும் கமெதானி பலகைக்குத் தலைவணங்கினார். பரிசோதகர் சசாகுரா ஐம்பது வயதுப் பெண்மணி. நீளக் காம்பு வைத்த சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போய்த் தட்டித் தட்டிக் கேட்டார். அவர் பேசியதெல்லாம் மூன்று சொல்.

"ஹார்ன்."

கமெதானி அடித்தார். வாத்து ஒன்று தும்மியது போலிருந்தது.

"விளக்கு."

போட்டார். எரிந்தது.

பின்னால் நீலப் புகை எழுந்து கூரையைத் தொட்டது. நெமொத்தோ ஓடிவந்து விதிப் புத்தகத்தைப் புரட்டி, வண்டியின் வருடத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். "இது சட்டத்துக்கு முன்னால பொறந்த புகை. நாம ஒண்ணும் சொல்ல முடியாது."

சசாகுரா கையைத் துடைத்துக்கொண்டு தாளில் ஏதோ போட்டார்.

"ஆச்சு," என்றார். போய்விட்டார்.

கமெதானிக்குச் சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது. பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பதற்குள் இரண்டாம் கவுன்ட்டரில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு கோப்புத் தாள். அதன் அடியில் வரிசையாக நான்கு கட்டம். முதல் கட்டத்தில் நெமொத்தோவின் சிவப்பு முத்திரை, மேலதிகாரியைப் பார்த்துக் குனிகிற மாதிரி இடது பக்கம் நன்றாகச் சாய்த்து வைத்திருந்தது. அடுத்தது பிரிவுத் தலைவருடையது. பதவிக்குத் தக்கபடி கொஞ்சம் குறைவான சாய்வு. மூன்றாவது கட்டம் காலி. அதற்கடுத்த கிளைத் தலைவர் கட்டமும் காலி. துணைத் தலைவர் குனியாமல் தலைவர் எப்படி நிமிர்வது?

"மூணாவது யாருங்க?"

நெமொத்தோ வாசல் பக்கம் பார்த்தார்.

கமெதானியும் பார்த்தார். கென்மரு ஒற்றைக் கையோடு அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"கென்மரு ஐயா கௌரவத் துணைக் கிளைத் தலைவர். பதவி ஏத்துக்கிட்ட வருஷம் பேப்பர்ல படம்லாம் வந்துச்சு. இந்த ஊர்வாசின்னு நகராட்சியே ஆள் பதிவு குடுத்திருக்கு. அவருக்கும் ஒரு கட்டம் வேணும்னு அப்ப இருந்த கிளைத் தலைவர் ஆசைப்பட்டார். எல்லாத் தாள்லயும் போட்டா தாமதமாகும்னு, ஷோவா ஐம்பதுக்கு முந்தின வண்டிக்கு மட்டும். பழைய வண்டிக்காரங்க படம் எடுத்துக்குவாங்கன்னு. வருஷத்துக்கு நாலு வண்டி வரும்."

"அவர் எப்படி முத்திரை வைப்பார்?"

"முத்திரையை அவர் வலது கையில செருகுவோம். நாங்க மூணு பேர் தாளைத் தூக்கி அதுமேல அமுக்குவோம்."

கமெதானி குடைத் தொட்டியைப் பார்த்தார்.

"இடது கையில செருகக் கூடாதா?"

நெமொத்தோவின் முகத்தில் முதல் முறையாக ஒரு கண்டிப்பு வந்தது. "அது டாட்டா காட்டற கை ஐயா. அலுவல் கை இல்ல."

"சரி தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இந்த வண்டியை ஓட்டலாமா, கூடாதா?"

நெமொத்தோ பற்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சினார். நாட்டில் அந்தச் சத்தம் கேட்டால் கேள்வி செத்துவிட்டது என்று அர்த்தம். "ஓட்ட முடியாதுன்னு நாங்க சொல்லல. ஆனா அந்தத் திசையில ஆர்வத்தோட பரிசீலிக்கற நிலைமையில இருக்கோம்னு நீங்க எடுத்துக்கிட்டா, அதை மறுக்கறதும் கஷ்டம்."

கமெதானி ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். தற்காலிகப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்குப் பக்கத்தில் நின்ற வண்டி, ஒரு கால் தூக்கிய நாய் மாதிரி எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராகத் தெரிந்தது.

மறுநாள் கிளையிலிருந்து போன். துணைக் கிளைத் தலைவர் மருத்துவ விடுப்பில் போகிறார், அதற்கு முன் இடித்தவர் வந்து பார்த்துப் போவது வழக்கம், கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்று மூன்று தடவை சொன்னதால், கட்டாயம் என்று கமெதானிக்குப் புரிந்தது.

"இனிப்புப் பெட்டி எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் கினுயோ. "பொம்மைக்கு என்ன பிடிக்கும்னு கேட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லங்க. நீங்க போய் எதையாவது வாங்கி, அது முகம் சுளிச்சா இன்னொரு கேஸ் ஆகும்."

கேலிக்குத்தான் சொன்னாள். கமெதானி கேட்டேவிட்டார். போனில் நெமொத்தோ யோசிக்கவே இல்லை.

"பொதுவா, கஷ்கொட்டை வெச்சது. பதினாலு தனித்தனிப் பொட்டலமா இருக்கறது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

கிளையில் ஊழியர்கள் பதினாலு பேர்.

கருப்புக் கோட்டும் டையுமாக, இரண்டு கையாலும் பெட்டியை ஏந்திக்கொண்டு கமெதானி பொம்மையின் முன்னால் நின்றார். ஊழியர்கள் பின்னால் வரிசையாக, வருத்தமான முகத்தோடு நின்றார்கள். தோளில் வெள்ளைத் துணி சுற்றிய கென்மரு சிரித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கூட்டத்தில் மனசாரச் சிரித்தது அது ஒன்றுதான். கமெதானி குனிந்தார். எல்லோரும் குனிந்தார்கள். நிமிர்ந்ததும் அவரைக் கிளைத் தலைவர் இவாபுச்சியின் அறைக்கு அழைத்துப் போய் டீ கொடுத்தார்கள்.

இவாபுச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது காதுக்கு மேல் புறப்படும் பதினேழு முடிகள் தலையைக் கடந்து வலது காதை அடைகிற ஏற்பாடு. மாதம் ஒரு முறை அதைப் பராமரிப்பவர் கமெதானிதான். ஆனால் இங்கே இருவரும் அறிமுகமில்லாதவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள்.

"கிளைத் தலைவரே, பொம்மை கை ஒட்டி வர்றவரைக்கும்..."

"கமெதானி-சான், பொம்மைங்கறது உங்க சொந்தக் கருத்து. நான் மதிக்கறேன். ஆனா அவருக்கு ஆள் பதிவு இருக்கு, விலாசம் இருக்கு, பொறந்த தேதி இருக்கு. எனக்கே இந்த ஊர்ல ஆள் பதிவு கிடையாது. மாற்றலாகி வந்தவன், குடும்பம் தகமத்சுவுல." டீக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர்ந்தார். "எட்டு வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டதில்ல. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. தப்பான முடிவு ஒண்ணுகூட எடுத்ததில்ல, ஏன்னா முடிவே எடுத்ததில்ல. மழையோ வெயிலோ வாசல்ல சிரிச்சுக்கிட்டு நின்னார். நிர்வாகத்துல இதுக்கு மேல ஒரு மனுஷன்கிட்ட என்ன எதிர்பார்க்க முடியும், சொல்லுங்க. நான் ஓய்வு பெறும்போது இந்த நாற்காலிக்கு அவர் பேரைத்தான் மேலிடத்துக்கு எழுதலாம்னு இருந்தேன்."

"அந்தக் கட்டத்தையே தாள்லேருந்து எடுத்துட்டா?"

"எடுக்கலாமே. படிவத் திருத்த விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கு. நாலு முத்திரை போதும்."

"மூணாவது யாரோடது?"

இவாபுச்சி டீயைக் குடித்தார்.

"கை நல்லா இருந்த எட்டு வருஷத்துல எடுத்திருக்கலாமே கிளைத் தலைவரே."

"அவரைக் கொண்டே அவர் கட்டத்தை அழிக்கச் சொல்றதா? அவ்வளவு கல்நெஞ்சுக்காரங்க இங்க யாரும் இல்ல."

கையைத் தானே ஒட்டித் தருவதாகக் கமெதானி சொன்னார். வீட்டில் நல்ல பசை இருக்கிறது. ஊழியருக்கு வெளியாள் வைத்தியம் பார்க்க முடியாது என்றார்கள். பொறுப்புத் துணைத் தலைவராக ஒருவரைப் போடலாமா என்றார். போடலாம், ஆனால் விடுப்பில் போகிறவர் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கிளையிலிருந்து அவர்களுடைய செல்லச் சின்னத்தை, வைப்பர் முகம் வைத்த ஒரு பெண் பொம்மையை, கடன் வாங்கலாம் என்று பிரிவுத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். விசாரித்ததில் அந்த அம்மாள் தற்காலிக ஊழியர் என்று தெரிந்தது.

கென்மரு கம்பளி போர்த்தி வேனில் ஏறி, ஒசாகாவில் தன்னைச் செய்தவரிடம் போயிற்று. குணமாகித் திரும்பும் தேதி டிசம்பர் பன்னிரண்டு.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை கமெதானி ஒரு கூரியர்க்காரரின் பின்கழுத்தை மழித்துக்கொண்டிருந்தபோது, கினுயோ பழம் பறிக்கிற கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கடை வாசலைக் கடந்து போனாள். அவர் கத்தியோடு வெளியே வந்து பார்த்தார். பாதி மழித்த கூரியர்க்காரரும் வந்து பார்த்தார். அவள் முதல் வளைவு வரைக்கும் போனாள். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கூடையில் ஒன்றுமில்லை.

"சும்மா காத்தாட," என்றாள்.

"சரி."

"மேல் வரிசை எல்லாம் பழுத்துடுச்சு. கீழேருந்தே வாசனை வருது."

அன்று சாயங்காலம் அவள் தொலைநோக்கியை அதன் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். கமெதானிக்கு இவ்வளவு நாளும் கோபம் வரவில்லை. அவர் தொழிலில் கோபத்துக்கு இடமில்லை, கை நடுங்கும். அந்தப் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டபோது வந்தது.

அடுத்த செவ்வாய், மாதம் ஒருமுறை வருகிற ஆள் வந்தார். கிளைத் தலைவர் இவாபுச்சி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டினார். பதினேழு முடிகளும் ஓய்வில் இருந்தன. கமெதானி சோப்பு நுரை தடவினார். கத்தியைத் தீட்டினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். தொண்டைக்குழியில் வைத்தார்.

"கிளைத் தலைவரே."

"ம்."

"இங்க நாம ரெண்டு பேர்தான். தாள் இல்ல, முத்திரை இல்ல. நான் அந்த வண்டியை ஓட்டலாமா, கூடாதா?"

நுரை மட்டும் மெதுவாக வெடித்துக்கொண்டிருந்தது.

"கமெதானி-சான்," என்றார் இவாபுச்சி, தொண்டையை அசைக்காமல். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என்கிட்ட இந்த மாதிரி நேரா ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்ல. நெஞ்சைத் தொட்டுடுச்சு. இதை நான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய் எல்லாக் கோணத்துலயும் யோசிக்கறேன். அதுவரைக்கும் உங்க உணர்வை நான் உணர்ந்துட்டேங்கறதை நீங்க உணரணும்."

கழுத்தில் கத்தி இருந்தும் ஒரு மனிதரால் அவ்வளவு பேசி அவ்வளவு சொல்லாமல் இருக்க முடிகிறதே என்று கமெதானிக்கு ஒரு தொழில் மரியாதையே வந்துவிட்டது. இரண்டு பேரும் அவரவர் கலையில் தேர்ந்தவர்கள். சுத்தமாக மழித்துவிட்டு, சூடான துண்டைப் போர்த்தினார். துண்டுக்கு அடியிலிருந்து, "ஞாயித்துக்கிழமை எங்க திறந்தவெளி விழாவுக்குக் குடும்பத்தோட வாங்க. நூடுல்ஸ் இலவசம்," என்று கேட்டது.

நவம்பரின் கடைசி ஞாயிறு. பாதை மூட மூன்று நாள். கமெதானி போகவேண்டாம் என்றுதான் இருந்தார். கினுயோதான், "போய்ட்டு வாங்க, நூடுல்ஸாவது மிச்சம்," என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார். சிரிக்காமல் சொன்னாள்.

மன்றத்தின் முற்றத்தில் பலூன், நூடுல்ஸ் கடாய், குழந்தைகளுக்கு ஸ்பேனர் கொடுத்து நட்டு முறுக்கச் சொல்லும் மேசை. பரிசோதனைப் பாதைக்குள் ஒரு தீயணைப்பு வண்டி. நடுவில் மேடை; அதன்மேல் நடமாடும் கென்மரு. ஃபைபர் உடம்பு ஒசாகாவில் படுத்திருக்க, விழாக்களுக்கென்று உள்ளே ஆள் நுழைந்து ஆடுகிற பஞ்சு உடம்பு ஒன்று தனியாக இருந்தது. ஒரு பதவிக்கு ஒரு நிலைமைதான் இருக்க முடியும் என்பதால், அதன் வலது கையையும் வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அறிவிப்பு: கென்மரு பேசமாட்டார். கேள்வி கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இவாபுச்சி ஒலிபெருக்கியில் பேசினார். "இவ்வளவு பெரிய காயத்தோடயும் பணிக்கு வந்த நம்ம துணைக் கிளைத் தலைவரைப் பாருங்க. இடிச்சவங்க மேல அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்தப் பெருந்தன்மையைத்தான் இந்தக் கிளையோட கொள்கையா நாங்க வெச்சிருக்கோம்." கை தட்டினார்கள். இடித்தவரும் தட்டினார்.

பிறகு அவர், தனக்கே காரணம் தெரியாமல், படம் எடுத்துக்கொள்ளும் வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் இருந்தவர்களில் மிக உயரமானவள் அவர் இடுப்பு வரை வந்தாள். பின்னால் நின்ற சிறுமி, "தாத்தா, நீங்க யாரையும் கூட்டிக்கிட்டு வரலியா?" என்றாள். தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்றார். அவள் இரக்கப்பட்டு ஒரு பலூன் கொடுத்தாள்.

ஆகவே பலூனும் கையுமாகத்தான் கமெதானி மேடை ஏறினார். தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்தார். நடமாடும் கென்மருவும் பதிலுக்குக் குனிந்தது. பஞ்சு நட்டு அவர் நெற்றியில் பொத்தென்று மோதியது.

"பட்டுடுச்சா?" என்றது கென்மரு.

கமெதானி அப்படியே நின்றார். மேடைக்குக் கீழே நெமொத்தோ கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார், கேட்டிருக்கவில்லை. சிமிட்டிய கண்ணின் வலைக்குப் பின்னால் வியர்த்த ஒரு முகம் தெரிந்தது. சுத்தியல் பரிசோதகர் சசாகுரா.

"படம் எடுக்கற மாதிரி கேமராவைப் பாருங்க," என்றார் அவர் உதட்டை அசைக்காமல். வெளியே யாருக்கும் அது தெரியப் போவதில்லை, ஆனாலும் அசைக்கவில்லை. "பழம் பறிச்சாச்சா?"

"பழமா? உங்களுக்கு எப்படி..."

"பின் சீட்டுல கூடை இருந்துச்சே. அன்னிக்கு."

"எப்படிப் பறிக்கறது? வண்டி கெடக்கு. முத்திரை இல்லியே."

நட்டுத் தலை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. "எந்த முத்திரை?"

"மூணாவது கட்டம். உங்... கென்மரு ஐயாவோடது."

நெமொத்தோ மேடைக்குக் கீழேயிருந்து, இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க ஐயா என்றார். கமெதானி நெருங்கி நின்றார். பஞ்சு இடது கை அவர் தோளைச் சுற்றி விழுந்தது.

"அது எங்க கோப்புத் தாள். அலமாரியில போறது. அந்தக் கட்டத்துக்கும் உங்க வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாலாம் தேதியே உங்க சான்றிதழ் அச்சாயிடுச்சு. அதுல கட்டமே இல்ல. கண்ணாடியில ஒட்டற வில்லையோட ரெண்டாம் கவுன்ட்டர்ல, இடது பக்கம் மேல் இழுப்பறையில இருக்கு. ரெண்டும் சேந்தாப்ல ஒரு கவர்ல. எண்பலகையும் அதுக்கு அடியிலயே இருக்கு."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"சொல்லிட்டா அது அவங்க எடுத்த முடிவாயிடுமே."

"நீங்களாவது..."

"நான் பாதையில நிக்கறவ. எனக்கு மூணு வார்த்தைதான் ஒதுக்கியிருக்கு." கையைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார். "இதுக்குள்ள இருக்கறப்ப அந்த மூணும் கிடையாது. ஆனா இதுக்குள்ள இருக்கறப்ப நெமொத்தோவைவிட ரெண்டு படி மேல."

கமெதானி பலூன் நூலை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். இருபத்து மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி. கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"அப்ப நான் அந்த வண்டியை ஓட்டலாமா, கூடாதா?"

நெமொத்தோ மூன்று எண்ணினார். கேமரா மின்னியது.

"ஓட்டலாம்," என்றார் துணைக் கிளைத் தலைவர்.